நெப்ராஸ்காவில் ஒரு மாட்டுக் கணக்கு

அமெரிக்காவுக்குப் போகும் நம்மவர்களில் பெரும்பாலோர் நெப்ராஸ்கா மாநிலத்தை விமான ஜன்னல் வழியாகத்தான் பார்த்திருப்பார்கள். கிழக்குக் கரையிலிருந்து மேற்குக் கரைக்குப் பறக்கும்போது கீழே வரிசை வரிசையாக வட்டங்கள் தெரியும். பெரும்பாலும் மக்காச்சோளக் காடுகள். நடுவில் ஒரு முனையை ஊன்றி, சக்கரம் வைத்த நீளக் குழாய் அதைச் சுற்றி வந்து நீர் தெளிக்கிறது. அதனால் விளைச்சலும் வட்டமாகவே நிற்கிறது. அந்தச் சோளத்தில் ஒரு பங்கு எத்தனால் ஆலைக்குப் போகிறது, அங்கே மிஞ்சும் சக்கை மாட்டுக்கு வருகிறது. இன்னொரு பங்கு நேராகவே மாட்டுக்கு. மனிதர்கள் சுமார் 20 லட்சம், மாடுகள் 60 லட்சத்துக்கு மேல். 1950களின் பிற்பகுதியில் இங்கே ஓடிய கார்களின் நம்பர் பலகையிலேயே ‘பீஃப் மாநிலம்’ என்று பொறித்திருந்தார்கள்.

மாட்டிறைச்சி என்றாலே நம் ஊரில் பேச்சு வேறு பக்கம் திரும்பிவிடும். அந்தச் சண்டை இந்தக் கட்டுரையில் இல்லை. மாடு வளர்ப்பவர் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: எந்த இனம் நல்ல இனம்? சந்தையில் தரகர் ஒன்று சொல்வார், பக்கத்துத் தோட்டத்துக்காரர் வேறொன்று சொல்வார். அந்தக் கேள்விக்குப் பட்டி போட்டு, தீவனம் அளந்து, எடை பார்த்து, வெட்டிப் பார்த்து, சமைத்தும் பார்த்துப் பதில் தேடிய ஒரு இடம் நெப்ராஸ்காவில் இருக்கிறது. 50 ஆண்டுக்கு மேலாகத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். அதைப் பார்க்கத்தான் போனேன்.

கூட வந்தவர் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் படித்துவிட்டு இப்போது லிங்கன் நகரில் வேலை பார்க்கும் நண்பர். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவர். எனக்குத் தம்பி, அவருக்கு நான் அண்ணா. பல ஆண்டு அமெரிக்க வாசத்துக்குப் பிறகும் கொங்குப் பேச்சு மாறவில்லை.

ஒமாஹாவில் இறங்கியதும் முதலில் ஊரின் தெற்குப் பக்கம் கூட்டிப் போனார். ஒரு காலத்தில் உலகின் பெரிய மாட்டுச் சந்தைகளில் ஒன்று அங்கே கூடியது. 1955இல் சிகாகோவையே முந்தியது. மாடுகள் ரயிலில் வந்து இறங்கும். ஏலம் முடிந்து, சுற்றிலும் இருந்த இறைச்சி ஆலைகளுக்கு நடந்தே போகும். பிறகு ஆலைகள் மாடு இருக்கும் சிற்றூர்களுக்கே இடம் மாறின. லாரி வந்தது, ரயில் போனது. 1999இல் சந்தையை இழுத்து மூடிவிட்டார்கள். 1926இல் கட்டிய பரிவர்த்தனைக் கட்டடம் மட்டும் செங்கல் நிறத்தில் உயர்ந்து நிற்கிறது. மாட்டு வாசனை எள்ளளவும் இல்லை.

மறுநாள் காலை மேற்கே கிளம்பினோம். லிங்கனைத் தாண்டி, ஆரோரா அருகே நெடுஞ்சாலையை விட்டு இறங்கி, 14ஆம் எண் மாநிலச் சாலையில் தெற்கே திரும்பினால் இரண்டு பக்கமும் அறுவடை நடந்துகொண்டிருந்தது. அக்டோபர் மாதம். பச்சையெல்லாம் போய்க் காய்ந்த தட்டையின் நிறம். ஒவ்வொரு சிற்றூரின் எல்லையிலும் தானியக் கிடங்கு வெள்ளையாக உயர்ந்து நிற்கிறது. ஊர் வருவதை அதைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். கிளே சென்டர் என்ற ஊரில் ஆயிரம் பேர்கூட இல்லை. அதற்கு மேற்கே சில மைல் தூரத்தில் ரோமன் ஹ்ருஸ்கா இறைச்சி விலங்கு ஆராய்ச்சி மையம். அமெரிக்க வேளாண்மைத் துறைக்குச் சொந்தமானது. நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவப் பயிற்சி மையமும் அதே வளாகத்தில் இருப்பதால், தம்பிக்குத் தெரிந்தவர்கள் உண்டு. முன்கூட்டியே அனுமதி கேட்டு வைத்திருந்தார்.

உள்ளே நுழைந்ததும் கண்ணில் பட்டவை மாடுகள் இல்லை, வெடிமருந்துக் கிடங்குகள். மண் மூடி, மேலே புல் முளைத்து, கவிழ்த்து வைத்த பானைகள்போலக் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை கான்கிரீட் கூடங்கள். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கக் கடற்படையின் குண்டுகளைச் செய்து அடுக்கிய இடம் இது. கடலே இல்லாத மாநிலத்தில் கடற்படைக் கிடங்கு! எதிரி விமானம் எந்தக் கரையிலிருந்து வந்தாலும் எட்டாத நடுநாடு என்பதால் இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார்களாம். போர் முடிந்தது, கொரியப் போரும் முடிந்தது, நிலம் சும்மா கிடந்தது. 1964இல் அமெரிக்க நாடாளுமன்றம் சுமார் 35,000 ஏக்கரை வேளாண்மைத் துறைக்கு மாற்றிக் கொடுத்தது. கூடங்களை இடிக்கச் செலவு அதிகம். அப்படியே விட்டுவிட்டார்கள். அவற்றைச் சுற்றி மாடு மேய்கிறது.

எதற்காக இவ்வளவு பெரிய ஏற்பாடு என்று புரிய வேண்டுமானால் அந்தக் காலத்து நிலவரம் தெரிய வேண்டும். 1960கள் வரை அமெரிக்க இறைச்சி மாடு என்றால் பெரும்பாலும் பிரிட்டனிலிருந்து வந்த மூன்று இனங்கள்: கறுப்பு ஆங்கஸ், முகம் வெளுத்த ஹெர்ஃபோர்டு, ஷார்ட்ஹார்ன். கண்காட்சி நடுவர்கள் குட்டையான, உருண்டு திரண்ட மாட்டுக்கே பரிசு கொடுத்துப் பழகியிருந்தார்கள். பரிசைத் துரத்தியவர்கள் மாட்டை மேலும் மேலும் குட்டையாக்கினார்கள். சில வம்சங்களில் பிழைக்காத குள்ளக் கன்றுகளே பிறக்கத் தொடங்கின. வெட்டினால் கொழுப்பு அதிகம், சதை குறைவு. இந்த நேரத்தில் கனடா வழியாக ஐரோப்பியக் கண்டத்து இனங்கள் வரத் தொடங்கின. பிரான்சின் வெள்ளை சார்லே, செம்பழுப்பு லிமூசின், சுவிட்சர்லாந்தின் சிமென்டல். கோமாரி நோய்க்குப் பயந்து மாட்டை நேராக அமெரிக்காவுக்குள் விடமாட்டார்கள். கனடாவில் தனிமைப்படுத்திய காளைகளின் விந்தணுதான் பெரும்பாலும் ஊசியாக இந்தப் பக்கம் வந்தது. உயரம், நீளம், வேகமான வளர்ச்சி. ஒவ்வொரு இனத்துக்கும் ஒரு சங்கம், ஒவ்வொரு சங்கத்துக்கும் ஒரு துண்டுப் பிரசுரம். எல்லாப் பிரசுரங்களிலும் எங்கள் மாடுதான் முதலிடம். வாங்குகிற விவசாயி யாரை நம்புவது?

மையத்தின் முதல் இயக்குநர் கீத் கிரிகரியும், லாரி கண்டிஃப், ராபர்ட் காக், கார்டன் டிக்கர்சன் முதலிய மரபியலாளர்களும் சேர்ந்து இதற்கு ஒரு வழி கண்டார்கள். 1970 வாக்கில் தொடங்கிய அந்தத் திட்டத்தின் அடிப்படை எளிமையானது. தாய் எல்லாம் ஒன்றுபோல ஹெர்ஃபோர்டு, ஆங்கஸ் பசுக்கள். அவற்றுக்கு வெவ்வேறு இனக் காளைகளின் ஊசி. பிறக்கும் கன்றுகள் ஒரே மேய்ச்சலில் வளரும், ஒரே நேரத்தில் தாயிடமிருந்து பிரியும், ஒரே தீவனம் தின்னும். மாறுவது தகப்பன் மட்டும். ஒரு சுற்றில் ஐந்தாறு இனம் என்று சில ஆண்டுகள். பிறகு அடுத்த சுற்றில் வேறு இனங்கள். ஆனால் ஹெர்ஃபோர்டு, ஆங்கஸ் கலப்புக் கன்று மட்டும் எல்லாச் சுற்றிலும் இருக்கும். அதை அளவுகோலாக வைத்து, 1970இல் பார்த்த இனத்தையும் 1995இல் பார்த்த இனத்தையும் ஒப்பிடலாம். இப்படி எட்டுச் சுற்று, 30க்கும் மேற்பட்ட இனங்கள். இத்தாலியின் ராட்சத கியானினா, ஜப்பானின் வாக்யூ, ஆப்பிரிக்காவின் துலி, போரான் எல்லாம் இங்கே வரிசையில் நின்றன.

நாங்கள் போன நேரம் கன்று பிரிக்கும் பருவம். பட்டியை நெருங்குவதற்கு முன்பே சத்தம் வந்துவிட்டது. வேலிக்கு இந்தப் பக்கம் கன்றுகள், அந்தப் பக்கம் தாய்கள், நூற்றுக்கணக்கில் கத்துகின்றன. இரண்டு மூன்று நாளில் அடங்கிவிடும் என்றார் பட்டி மேலாளர். தொப்பியைக் கழற்றாமல், கையைச் சட்டைப்பையிலிருந்து எடுக்காமல் பேசுகிற ஆள். ஒரு கன்றைக் காட்டினார். உடல் கறுப்பு, முகம் மட்டும் வெள்ளை, காதில் இரண்டு அட்டை. இன்னொன்று அதே வயது, சந்தன நிறம், இடுப்பு அகன்று எலும்பு தடித்திருந்தது. சார்லே தகப்பன். ஒரு கை கூடுதல் உயரம். “எது நன்றாக இருக்கிறது?” என்று கேட்டார். நான் சந்தன நிறத்தைக் காட்டினேன். அவர் சிரித்துக்கொண்டே, “எப்போது வெட்டப்போகிறீர்கள் என்று நீங்கள் சொல்லவில்லையே” என்றார்.

இந்த விஷயத்தின் சூட்சுமமே அந்தக் கேள்விதான். தம்பி பட்டி வேலியில் சாய்ந்துகொண்டு விளக்கினார்.

“ஒப்பிடறதுக்கு மூணு வழி இருக்குதுங்ண்ணா. எல்லாத்தையும் ஒரே வயசுல வெட்டிப் பாக்கலாம். ஒரே எடை வந்ததும் வெட்டலாம். ஒரே அளவு கொழுப்பு ஏறினதும் வெட்டலாம். மூணுக்கும் ரேங்க் வேற வேறயா வரும்.”

ஒரே வயதில் வெட்டினால் சார்லே, சிமென்டல் முன்னால் நிற்கும். எடை அதிகம், சதை அதிகம், மேல்கொழுப்பு குறைவு. ஒரே எடைக்கு வளர்த்து, தின்ற தீவனத்துக்கு எவ்வளவு எடை என்று கணக்கிட்டாலும் பெரிய இனங்களுக்கே லாபம். ஆனால் சதைக்குள் ஒரே அளவு கொழுப்பு ஏறும் வரை காத்திருந்து வெட்டினால் கதை மாறுகிறது. பெரிய இனம் தாமதமாக முதிர்வது. அந்தக் கொழுப்பு ஏறப் பல வாரம் கூடுதலாகத் தின்ன வேண்டும். சீக்கிரம் முதிரும் ஆங்கஸ் அதற்குள் தயாராகிவிடும். அங்கே தீவனக் கணக்கில் சின்ன இனம் ஜெயிக்கிறது. அதே மாடு, அதே தீவனம், அதே தராசு. நிறுத்தும் இடம் மாறினால் முதலிடமும் மாறுகிறது.

சதைக்குள் கொழுப்புக்கு ஏன் இத்தனை மரியாதை? அமெரிக்காவில் இறைச்சியின் தர முத்திரை அதைப் பார்த்தே விழுகிறது. வெட்டிய உடலைக் குளிரூட்டி, 12ஆம் விலாவுக்கும் 13ஆம் விலாவுக்கும் நடுவில் குறுக்கே அறுப்பார்கள். முதுகுத் தண்டை ஒட்டி ஓடும் நீளச் சதையின் வெட்டுமுகம் தெரியும். சிவப்புக்குள் வெள்ளைக் கொழுப்பு மெல்லிய இழைகளாக ஓடியிருக்கும். இதைத்தான் மார்பிளிங் என்கிறார்கள். இழை அதிகமானால் பிரைம், அடுத்தது சாய்ஸ், அதற்கும் அடுத்தது செலக்ட். படி இறங்க இறங்க விலையும் இறங்கும். தோலுக்கடியில் திரளும் கொழுப்பு வேறு. அது கழித்து எறிய வேண்டிய கழிவு. விவசாயிக்கு வேண்டியது உள்ளே கொழுப்பு, வெளியே கொழுப்பில்லாமை. மாடோ இரண்டையும் சேர்த்தே போட்டுக்கொள்கிறது. சதை அதிகம் தரும் இனத்தில் இழை குறைவு, இழை அதிகம் உள்ள இனத்தில் சதை குறைவு. சுற்றுக்குச் சுற்று இந்த இழுபறிதான் முடிவாக வந்தது. இரண்டிலும் முதலிடம் பிடித்த இனம் ஒன்றுகூட இல்லை.

இங்கே எனக்கு ஓர் ஆச்சரியம். முதல் சுற்றிலேயே ஜெர்ஸியைச் சேர்த்திருக்கிறார்கள். நம் ஊரில் சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிற வீட்டில் எல்லாம் நிற்கிற அதே ஜெர்ஸி ரத்தம். கறிக்கு என்று யாரும் நினைக்காத இனம். ஆனால் சதைக்குள் கொழுப்பு இழையிலும் மென்மையிலும் ஜெர்ஸிக் கலப்புக் கன்று முன்வரிசையில் வந்தது. வளர்ச்சியில் கடைசி வரிசை; சிறுநீரகத்தைச் சுற்றியும் கொழுப்பைச் சேர்த்துக்கொண்டது. தின்றுபார்ப்பவர் கொடுத்த மதிப்பெண்ணும் தராசு கொடுத்த மதிப்பெண்ணும் எதிரெதிர். பின்னால் வந்த வாக்யூவுக்கும் இதே நிலை: இழையில் உச்சி, எடையில் கீழே.

வேகமாக வளர்வதற்கும் விலை உண்டு. பிறக்கும்போதே கன்று பெரிதாக இருக்கும். சார்லே, கியானினா, மேன்-ஆன்ஜூ ஆகிய பெரிய இனங்களின் ஊசி போட்ட பசுக்களுக்குப் பிரசவச் சிரமம் கூடியது. நடு இரவில், உறைபனியில், கயிறு கட்டிக் கன்றை இழுத்தவர்களுக்குத் தராசில் ஏறிய கூடுதல் எடை பெரிய சந்தோஷத்தைக் கொடுத்திருக்காது. கன்று செத்தால் வளர்ச்சி விகிதம் பூஜ்யம்தானே. வளர்ச்சியை மட்டும் பார்க்கிற ஒப்பீட்டில் இந்தச் செலவு தெரிவதே இல்லை. சினை பிடித்தது, பிறந்தது, பிழைத்தது, பால் குடித்து வளர்ந்தது என்று எல்லாவற்றையும் சேர்த்து, ஒரு பசுவுக்கு எத்தனை கிலோ கன்று கைக்கு வந்தது என்று பார்க்கிற பழக்கத்தை இந்த மையம்தான் ஊன்றி நிலைநிறுத்தியது.

அந்தக் கணக்கில் ஜெயித்தது இனமே இல்லை, கலப்பு. நெப்ராஸ்காவின் வடமேற்கு மூலையில் ஃபோர்ட் ராபின்சன் என்ற பழைய ராணுவக் கோட்டையில் 1950களின் பிற்பகுதியில் தொடங்கிய சோதனையைப் பின்னர் இங்கே கொண்டுவந்தார்கள். ஹெர்ஃபோர்டு, ஆங்கஸ், ஷார்ட்ஹார்ன் மூன்றையும் தூய இனமாகவும் கலந்தும் வளர்த்துப் பார்த்தார்கள். கலப்புப் பசு, கலப்புக் கன்று இரண்டும் சேரும்போது ஒரு பசுவுக்குக் கிடைக்கும் கன்று எடை சுமார் 23 சதவீதம் கூடியது. அதில் பெரும் பங்கு கலப்புத் தாயால் வந்தது. தூய வம்சம் என்று நெஞ்சை நிமிர்த்திய சங்கங்களுக்கு இது கசந்தது. மேய்ச்சல்காரர்களுக்கு இனித்தது.

பிற்பகல் இறைச்சி ஆய்வகத்தைக் காட்டினார்கள். சமையலறைக்கும் இயந்திரக்கூடத்துக்கும் நடுவில் ஏதோ ஒன்று. ஒரு அங்குலக் கனத்தில் வெட்டிய ஸ்டேக் துண்டு, நடுவில் வெப்பமானி குத்தியிருக்கிறது. உள்ளே 71 டிகிரி செல்சியஸ் வந்ததும் எடுத்துவிடுகிறார்கள். உப்பு கிடையாது, மிளகு கிடையாது. பழைய முறையில் அதை ஆறவைத்து, அரை அங்குல விட்டத்தில் உருளை உருளையாகத் தோண்டி எடுத்து, நடுவில் முக்கோணம் வெட்டிய தகட்டால் நாரின் குறுக்கே அறுப்பார்கள். அறுக்க எத்தனை கிலோ விசை தேவைப்பட்டது என்பதே மென்மையின் அளவு. வார்னர்-பிராட்ஸ்லர் முறை என்று பெயர். இந்த ஆய்வகம் அதை வேகப்படுத்தி, சூடு ஆறுவதற்கு முன்பே ஒரு பட்டையை அறுத்து அளக்கும் முறையைக் கொண்டுவந்தது. திரையில் கோடு மேலே ஏறி, ஓர் உச்சியைத் தொட்டு, சட்டென்று விழுந்தது. நார் அறுந்த நொடி அது. ஒரு மாட்டின் ஆயுள் முழுவதும் ஓர் எண்ணாக அந்த உச்சியில் நின்றது.

இந்தக் கத்தி முன்னால்தான் நம் பக்கத்து மாடு தோற்றது.

ஒங்கோல் மாடு நமக்குப் பழக்கம். வெள்ளை நிறம், பெரிய திமில், தொங்கும் அலைதாடி. பழைய சென்னை மாகாணத்தில் குண்டூர், நெல்லூர் மாவட்டங்களில் வளர்ந்த இந்த இனம் 19ஆம் நூற்றாண்டிலேயே கப்பலேறிப் பிரேசில் போனது. அங்கே அதற்கு நெல்லூர் என்றே பெயர். 1960களின் தொடக்கம் வரை இந்தியாவிலிருந்து காளைகள் போயின. இன்று பிரேசிலில் இருக்கும் 20 கோடிக்கும் மேற்பட்ட மாடுகளில் மிகப் பெரும்பாலானவை திமில் உள்ளவை. அவற்றில் தலையாய ரத்தம் நெல்லூர். உலகின் பெரிய மாட்டிறைச்சி ஏற்றுமதி நாடு அந்த ரத்தத்தின் மேல்தான் நிற்கிறது. அமெரிக்கர்கள் நெல்லூர், கிர், குஸெரத், கிருஷ்ணா பள்ளத்தாக்கு மாடுகளைக் கலந்து பிராமன் என்று ஓர் இனத்தையே உருவாக்கினார்கள். பிராமன், சாஹிவால், நெல்லூர் மூன்றும் இந்தச் சுற்றுகளில் கிளே சென்டர் பட்டிக்கு வந்தன.

முடிவு என்ன? இறைச்சி கடினம். மார்பிளிங் குறைவு. நெப்ராஸ்காக் குளிரில் தீவனம் தின்று ஏறும் எடையும் மட்டு. கடினத்துக்குக் காரணத்தையும் இங்கேயே தேடினார்கள். மாடு வெட்டிய பிறகு, குளிர் அறையில் தொங்கும் நாட்களில், கால்பெயின் என்ற நொதி தசைநாரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தும். கால்பாஸ்டாட்டின் என்ற புரதம் அந்த நொதியைக் கட்டிப்போடும். திமில் மாடுகளில் இந்தக் கட்டிப்போடும் புரதம் அதிகம். நாட்கள் கழிந்தாலும் சதை போதுமான அளவு தளர்வதில்லை.

ஆனால் அதே மாடுகளின் கலப்புக் கிடாரிகளைத் தாயாக வைத்துப் பார்த்தபோது தீர்ப்பு தலைகீழானது. சுலபமாகக் கன்று ஈன்றன, கனமான கன்றுகளை வளர்த்துக் கொடுத்தன, பல ஆண்டு நிலைத்தன. வெயிலுக்கும் உண்ணிக்கும் பஞ்சம் இல்லாத டெக்சஸ், ஃபுளோரிடா பக்கம் போனால் இந்த ரத்தம் இல்லாமல் மேய்ச்சல் தொழிலே கிடையாது. நெப்ராஸ்காவில் மட்டும் ஒப்பிட்டால் வெயில் தாங்கும் குணத்துக்கு மதிப்பெண்ணே விழாது என்பது அவர்களுக்கும் தெரிந்திருந்தது. அதனால்தான் துலி, போரான் இனங்களைப் பார்த்தபோது தென்மாநிலங்களின் ஆராய்ச்சி நிலையங்களிலும் சேர்த்தே பார்த்தார்கள். ஆப்பிரிக்கத் துலி வெயிலும் தாங்கியது, இறைச்சியும் பிரிட்டிஷ் இனங்களுக்கு நெருக்கமாக மென்மையாக இருந்தது. எடை மட்டும் குறைந்தது. மறுபடியும் ஒன்று கொடுத்து ஒன்று வாங்குகிற பேரம்தான்.

மாலையில் பக்கத்து ஊர் உணவகம் ஒன்றில் உட்கார்ந்தோம். சனிக்கிழமை. மாநிலமே பல்கலைக்கழகக் கால்பந்துக்காகச் சிவப்புச் சட்டை போட்டிருந்தது. ஸ்டேக் வந்தது: சட்டியில் இரு பக்கமும் கருகச் சுட்டு, உள்ளே இளஞ்சிவப்பு. கத்தி தானாக இறங்கியது. உப்பும் கொழுப்பும் தவிர வேறு சுவை ஏதும் சேர்க்கவில்லை. சேர்க்கத் தேவையும் இல்லை. தம்பி மென்றுகொண்டே சொன்னார்.

“இந்த மெஷினுக்கு ஆம்பூர் தெரியாதுங்ண்ணா. தம்ல ஒரு மணி நேரம் வெச்சா எந்த மாட்டுக்கறியும் பஞ்சாயிடும்.”

விளையாட்டாகச் சொன்னாலும் விஷயம் பெரியது. தரம் என்று இங்கே அளப்பது, தடித்த துண்டை வறட்டுச் சூட்டில் சில நிமிடம் வாட்டித் தின்கிற நாக்குக்கான தரம். வேலூர், ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கத்துப் பிரியாணிக்கும், கேரளத்து வறுவலுக்கும், எலும்போடு கொதிக்கும் குழம்புக்கும் அந்தக் கத்தி பொருந்தாது. நீரும் நேரமும் சேர்ந்து சமைக்கும் இடத்தில் கடினமான சதைக்குத்தான் ருசி கூடும் என்பவர்கள் உண்டு. பிரேசில்காரர்கள் நெல்லூர் மாட்டின் திமிலையே தனியாக அறுத்து, மணிக்கணக்கில் மெதுவாகச் சுட்டு, விருந்தாகப் பரிமாறுகிறார்கள். அமெரிக்காவிலோ 1978இல் தொடங்கிய சர்ட்டிஃபைடு ஆங்கஸ் பீஃப் என்ற முத்திரையின் நிபந்தனைகளில் ஒன்று, கழுத்துத் திமில் இரண்டு அங்குலத்துக்கு மேல் இருக்கக் கூடாது. ஓரிடத்தில் விருந்து, இன்னோரிடத்தில் விலக்கு.

அதே முத்திரைக்கு இன்னொரு நிபந்தனை: மாட்டின் தோலில் பாதிக்கு மேல் கறுப்பாக இருக்க வேண்டும். கறுப்புத் தோலுக்கு விலை கூடியதும் மற்ற இனக்காரர்கள் சும்மா இருப்பார்களா? ஆங்கஸைக் கலந்து கலந்து, சிவந்த சிமென்டலையும் செம்பழுப்பு லிமூசினையும் கறுப்பாக்கிவிட்டார்கள். நெடுஞ்சாலையோரம் நான் பார்த்த மாடுகளில் பெரும்பாலானவை கறுப்பு. உள்ளே என்ன ரத்தம் என்று தோல் சொல்லாது. சந்தை தோலைப் பார்க்கிறது. ஆராய்ச்சி உள்ளே பார்க்கிறது.

கிளே சென்டருக்குப் புகழ் மட்டும் இல்லை. 2015 ஜனவரியில் நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் இந்த மையத்தைப் பற்றிக் கடுமையான கட்டுரை ஒன்றை வெளியிட்டது. ஒரே ஈற்றில் இரட்டைக் கன்று பெற வைத்த சோதனைகளில் கன்றுகள் அதிகமாகச் செத்ததையும், விலங்குகளின் வேதனைக்குப் போதிய மேற்பார்வை இல்லாததையும் அது எடுத்துக்காட்டியது. வேளாண்மைத் துறை விசாரணை வைத்தது, விதிகளை இறுக்கியது. ஒப்பீடு என்ற பெயரில் எதை எல்லாம் செய்யலாம் என்ற கேள்வி நியாயமானது. அளவுகோல்களின் பட்டியலில் மாட்டின் நோவும் ஒரு வரியாக இருக்க வேண்டும்.

இன்னொரு பாடம் இந்த இடம் தன் பழைய முடிவுகளுக்கே சொன்னது. 1970களில் சார்லே, சிமென்டல் கன்றுகளுக்கு முன்னால் ஆங்கஸ், ஹெர்ஃபோர்டு கன்றுகள் எடையில் பின்தங்கின. 1999, 2000இல் பிறந்த கன்றுகளை வைத்து அதே இனங்களை மறுபடியும் ஒப்பிட்டார்கள். இடைவெளி ஏறத்தாழ மறைந்துவிட்டது. 30 ஆண்டில் ஆங்கஸ்காரர்கள் வளர்ச்சிக்காகவே காளை பொறுக்கி, இனத்தையே பெரிதாக்கிவிட்டார்கள். சதை விகிதத்தில் ஐரோப்பியக் கண்டத்து இனமும், கொழுப்பு இழையில் ஆங்கஸும் முன்னால் நின்றது மட்டும் மாறவில்லை. எடை கூடியதற்குத் தண்டனையும் வந்தது: தாய்ப் பசுவும் பெரிதாகிவிட்டது, ஆண்டு முழுக்க அதற்குப் போடும் தீவனமும் கூடிவிட்டது. அன்றைய பட்டியலை இன்று தூக்கிப் பிடித்து வாதாடினால் இல்லாத மாட்டைப் பற்றித்தான் பேசுகிறோம். இப்போது மையம் 18 இனங்களின் புதுப் புதுக் காளைகளைத் தொடர்ந்து எடுத்துச் சோதித்துக்கொண்டே இருப்பது இதற்காகத்தான்.

கிளம்பும்போது பட்டி மேலாளரிடம் கடைசியாக ஒன்று கேட்டேன். இவ்வளவு பார்த்தவர் சொந்தப் பணத்தில் மாடு வாங்கினால் எந்த இனம் வாங்குவார்? “காளையைப் பார்த்து வாங்குவேன். ஒரே இனத்துக்குள் நல்லதுக்கும் கெட்டதுக்கும் உள்ள தூரம், இனத்துக்கும் இனத்துக்கும் உள்ள தூரத்துக்குக் குறையாது” என்றார். அது அவருடைய சொந்தக் கருத்து மட்டும் இல்லை; மென்மை முதல் வளர்ச்சி வரை பல குணங்களுக்கு அந்த மையத்தின் அளவீடுகளே அப்படித்தான் சொல்கின்றன.

ஆகவே யாராவது உங்களிடம் வந்து, இந்த இனம்தான் உலகத்திலேயே சிறந்தது என்று சொன்னால், அது இறைச்சி மாடாக இருந்தாலும் பால் மாடாக இருந்தாலும் நான்கு கேள்வி கேளுங்கள். எந்த வெயிலில் வளர்த்தீர்கள்? என்ன தீவனம் போட்டீர்கள்? எந்த வயதில், எந்த எடையில் நிறுத்தினீர்கள்? யாருடைய சமையலறைக்காக அளந்தீர்கள்? நான்குக்கும் பதில் சொல்பவரோடு பேரம் பேசலாம். மற்றவர் கையில் இருப்பது துண்டுப் பிரசுரம்.